முட்டையிடும் பூனைக்கு ஒரு சர்வீஸ்

கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மடியில் ஒரு கரப்பான் பூச்சி விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டேன்.

ஒரு கையை இல்லை, இரண்டு கையையும்! அதுவும் தோப்பும்படிப் பாலத்தின் உச்சியில், பக்கத்து சீட்டில் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு. கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த பஸ்காரர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். மலையாளத்தில் எனக்குத் தெரியாத வார்த்தைகள் இன்னும் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எந்தா பானு நீ காட்டறது? பாலத்துலயா கையை விடுவே?" என்றார் வீட்டுக்காரர்.

"கரப்பான்... மடியில..."

"கரப்பான் கடிச்சு யாராவது மௌத்தாயிருக்காங்களா? நீ போட்ட கூத்துல ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

வீடு வந்ததும் தீர்ப்பு வந்தது. "ஒரே ஒரு சான்ஸ். வர்ற ஞாயித்துக்கிழமை என்னை உக்கார வச்சு ஆலுவா வரைக்கும் ஓட்டிக் காட்டு. வழியில ஒரு கூச்சல் கேட்டுச்சு... வண்டியை வித்துருவேன். பள்ளுருத்தியில ஆள் ரெடியா இருக்கு."

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. ஐம்பது வயதில் லைசென்ஸ் வாங்கியவள் நான். பேத்தி வயசுப் பெண்களோடு வரிசையில் நின்று, நட்ட கம்பிகளுக்கு நடுவே 'எச்' எழுத்து வடிவில் வண்டியை ஓட்டி, இரண்டு தடவை கம்பியைத் தட்டி, மூன்றாவது தடவை பாஸானவள். மகள் நஸ்ரின் ஆலுவாவில் இருக்கிறாள். கார் வரும்வரை அவளைப் பார்க்க வேண்டுமென்றால் இவருக்கு எப்போது ஒழியும் என்று மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இப்போது சாவியை எடுக்கிறேன், போகிறேன். ஒரு பூச்சிக்காக இதை விட்டுக்கொடுப்பேனா?

பூச்சியை ஒழிப்பது என்று முடிவு செய்தேன். எப்படியும் கார் சர்வீஸுக்கு நாள் வந்திருந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன்.

கதையில் இதுதான் முக்கியமான இடம். அதனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் கரப்பான் பூச்சிக்குப் பெயர் 'பாற்ற'. 'பூச்ச' என்றால் பூனை. 'கரப்பன்' என்றால் சொறி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆகி திண்டுக்கல்லிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து இத்தனை வருஷமாக இங்கேதானே குப்பை கொட்டுகிறேன். தெரியும். ஆனால் பயம் வந்தால் வாயில் தாய்மொழிதானே வருகிறது!

சர்வீஸ் அட்வைசர் பெயர் அனூப். தங்கமான மனுஷர். தலச்சேரிக்காரர். குரலில் அவ்வளவு பணிவு.

"பறயூ மேடம். எந்தாணு கம்ப்ளெயின்ட்?"

"கரப்பான் பூச்சி! வண்டிக்குள்ள கரப்பான் பூச்சி உண்டு!"

"அய்யோ. வலுதாணோ மேடம்?"

"நல்ல வலுது, பெருசு. பிரவுன் கலர்."

"எவிடெயாணு இரிக்குன்னது?"

"டாஷ்போர்டுக்குள்ள. ஏசி ஓட்டை வழியா வெளிய வரும். முதல்ல மீசைதான் தெரியும்."

"மீச..." என்று எழுதிக்கொண்டார்.

"சில நேரம் பறக்கும்."

பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"ஹலோ? டிக்கியில முட்டை போட்டிருந்தாலும் போட்டிருக்கும். நல்லா நோக்கணும்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அனூப் சொன்னார், "ஒரு குழப்பவும் இல்லா மேடம். ஞங்கள் நோக்கிக்கோளாம்."

மலையாளத்தில் குழப்பம் என்றால் பிரச்சினை. ஒரு பிரச்சினையும் இல்லையாம். சொறி பிடித்து, ஏசி ஓட்டை வழியாக வந்து, பறந்து, முட்டையிடும் பூனை... அதைப் பிடிப்பதில் அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை!

மறுநாள் வண்டியை வந்து எடுத்துப் போனார்கள். எடுக்க வந்தவர் முழங்கை வரைக்கும் கையுறை போட்டிருந்தார். நம்மூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் இவ்வளவு சுத்தமா என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

சாயங்காலம் அனூப் கூப்பிட்டார். "மேடம், டாஷ்போர்டு முழுவன் அழிச்சு."

"அழிச்சுட்டீங்களா? யாரைக் கேட்டு?"

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அழிச்சுன்னா கழட்டினாங்கன்னு அர்த்தம் புள்ள. எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கே?"

சரி, கழட்டினார்கள். ஒரு பூச்சிக்கு டாஷ்போர்டையே கழட்டுகிற சிரத்தையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. "கிட்டியோ?" என்று கேட்டேன்.

"கிட்டியில்ல மேடம். சீட்டும் எடுத்து மாற்றி. காணான் இல்ல."

"விடாதீங்க. கண்ணுல பட்டதும் கொன்னுடுங்க."

"மேடம்!" அவர் குரல் நடுங்கியது. "கொல்லான் பற்றில்ல மேடம். பாவமல்லே?"

"என்ன பாவம்? ஸ்ப்ரே அடிங்க. மல்லாந்து கிடக்கும். விளக்குமாத்தால தள்ளிடுங்க. நான் வீட்டுல தினம் அதைத்தான் செய்யறேன்."

"தினமுமோ..." என்று ஈனஸ்வரத்தில் ஒரு சத்தம் வந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மட்டாஞ்சேரியில் ஜைனர்கள் இருக்கிறார்கள். ஈ எறும்புக்குக் கூடக் கெடுதல் நினைக்க மாட்டார்கள். அவர்களோடு பழகிப் பழகி இவருக்கும் மனசு இளகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

"கொல்லாம பிடிக்க முடியுமா?" என்று நானும் இறங்கி வந்தேன்.

"பிடிக்காம் மேடம்! சீட்டின்டெ அடியில் மத்தி வச்சிட்டுண்டு. வராதிரிக்கில்ல."

சீட்டுக்கு அடியில், மத்தியில், வைத்திருக்கிறாராம். மருந்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் வைத்தால் பூச்சி வராது, நடுவில் வைத்தால்தான் வரும் போல... தொழில் தெரிந்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை வண்டி வந்தது.

கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரும் வந்தது. உள்ளே ஒரு கைப்பிடி ஸ்க்ரூ. டாஷ்போர்டைத் திரும்ப மாட்டும்போது மிஞ்சியவையாம்! பார்சல் வாங்கினால் சட்னி தனியாகக் கட்டித் தருவார்களே, அப்படிக் கட்டித் தந்திருந்தார்கள்.

ஹாரனை அழுத்தினேன். ஊமை. இடதுபக்கக் கண்ணாடியை இறக்கினேன், இறங்கியது. ஏற்றினேன்... ஏறவில்லை.

போன் போட்டேன். "திங்களாழ்ச்ச கொண்டு வரூ மேடம். சரியாக்கித் தராம்" என்றார் அனூப். திங்கட்கிழமை எனக்கு எதற்கு? ஞாயிற்றுக்கிழமை அல்லவா பரீட்சை!

"பூச்சியாவது போச்சா?" என்றேன்.

"மூணு திவசம் நோக்கி மேடம். போயிக்காணும். எந்தாயாலும் மத்தி அவிடெ இரிக்கட்டெ. ஒரு தைரியத்தினு." போயிருக்குமாம், எதற்கும் மத்தியில் வைத்தது அங்கேயே இருக்கட்டுமாம்.

கண்ணாடி மூடாத காரை அன்றைக்கு வீட்டு வாசலில் நிறுத்திவைத்தோம். மட்டாஞ்சேரியில் காரைத் திறந்து போட்டாலும் யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை.

காலையில் கிளம்பினோம். உட்கார்ந்ததுமே வீட்டுக்காரர் மூக்கைச் சுருக்கினார். "மீன் வாடை அடிக்குதே?"

"மட்டாஞ்சேரியில மீன் வாடை அடிக்காம மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்? பேசாம வாங்க."

எனக்கு அவரோடு பேச நேரமில்லை. கண் ரோட்டில் பாதி, ஏசி ஓட்டையில் பாதி. வாய்க்குள் தெரிந்த துஆ எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கத்தினால் கார் போயிற்று. கார் போனால் மறுபடியும் மூஞ்சியைப் பார்த்துக் காத்திருக்கிற பிழைப்பு. கத்தக் கூடாது பானு. எது வந்தாலும் கத்தக் கூடாது.

பாலத்தில் ஏறினோம். உச்சிக்கு வந்தோம்.

ஏசி ஓட்டையிலிருந்து மெதுவாக ஒரு மீசை வெளியே வந்தது.

அப்புறம் இன்னொரு மீசை. அப்புறம் பளபளவென்று முழு உருவமும். என்னைப் பார்த்தபடியே டாஷ்போர்டில் நின்றது. தொண்டை வரை வந்துவிட்ட கூச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கை மட்டும் ஸ்டீயரிங்கை விடவில்லை. அது சிறகை விரித்தது...

அப்போது வீட்டுக்காரரின் சீட்டுக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று புறப்பட்டது. அவர் மடியில் நாலு காலையும் ஊன்றி, ஒரே தாவில் டாஷ்போர்டுக்குப் போனது. ஒரு அறை. ஒரு கடி. நறுக்!

நல்ல கொழுத்த பூனை.

"யா அல்லா...!" என்று ஒரு கூச்சல் கேட்டது பாருங்கள். கொச்சிக் காயல் முழுக்கக் கேட்டிருக்கும். ஹாரன் இல்லாத குறையே தெரியவில்லை. முன்னால் போன டெம்போ ஒதுங்கி வழிவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விடாமல் கத்தினார்.

நான் இண்டிகேட்டர் போட்டேன். கியரைக் குறைத்தேன். பாலத்தை இறங்கி, ஓரமாக, வெள்ளைக் கோட்டுக்குள் அழகாக நிறுத்தினேன். லைசென்ஸ் கொடுத்த ஆபீசர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு வாழையிலை. அதில் மீன் தலைகள். மூன்று நாளாக அங்கேயே இருந்ததில் அதன் மகிமை கூடியிருந்தது. ராத்திரி மூடாத கண்ணாடி வழியாக இந்த வாடையைப் பிடித்துத்தான் பூனை ஏறியிருக்கிறது. அனூப்புக்குப் போன் போட்டேன்.

"எதுக்கு என் வண்டியில சாளை வச்சீங்க?"

"மத்தி மேடம். ஞான் பறஞ்ஞல்லோ?"

எங்கள் கொச்சியில் சாளை என்கிற மீனைத்தான் அவர்கள் வடக்கே தலச்சேரிப் பக்கம் மத்தி என்பார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பூச்ச வந்நோ மேடம்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"வந்தது..."

"கண்டோ! கையுற இல்லாதெ தொடருது கேட்டோ. கரப்பன் உள்ளதல்லே. பகரும்."

தொட்டால் சொறி ஒட்டிக்கொள்ளுமாம், தொடக் கூடாதாம். கரப்பன். பூச்ச. மீசை. முட்டை. விளக்குமாறு... அத்தனையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ரோட்டோரத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் நீர் வழிகிற அளவுக்குச் சிரித்தேன்.

ஆலுவாவில் நஸ்ரினிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். தமிழை விட மலையாளம் அவளுக்குச் சரளம். "சொறி பிடிச்ச பூனை பறக்கும்னு சொல்லியிருக்கே. அவங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலையாம்மா?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். மூன்று நாள் சீட்டைக் கழட்டத் தெரிகிறது, டாஷ்போர்டைக் கழட்டத் தெரிகிறது, மீன் வாங்கி வந்து வைக்கத் தெரிகிறது. "புரியல மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ஒரு வரி கேட்க வாய் வரவில்லையே! கஸ்டமரிடம் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? பாற்றையைக் கொல்ல மனசு வராமல் குரல் நடுங்கிய சர்வீஸ்காரரை நம்பியவள்தானே! தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு பேரும் வேறு வேறு மிருகத்தைத் தேடியிருக்கிறோம்.

ஆனால் ஒன்று. கம்ப்ளெயின்ட் தீர்ந்துவிட்டது. அந்தப் பூனை காரை விட்டு இறங்க மறுத்துவிட்டது. சொறியெல்லாம் இல்லை, ரோமம் பட்டு மாதிரி இருக்கிறது. அன்றைக்கு முதல் என் வண்டியில் ஒரு பூச்சி கிடையாது. உலகத்தில் எந்த சர்வீஸ் சென்டராவது தப்பான வேலையைச் செய்து சரியான பலனைக் கொடுத்திருக்கிறதா?

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் காலைக் கீழே வைக்கவே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் நானே கேட்டேன். "வண்டியை விக்கிறீங்களா?"

"நீ கத்தலையே" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இப்போது ஆலுவாவுக்கு நானும் பூனையும் காரில் போகிறோம். அவர் மெட்ரோவில் வருகிறார்.