துவைக்காத சேலைத் துண்டு

ரப்பர் பால் காஞ்ச சேலைக்குன்னு ஒரு நாத்தம் உண்டு. புளிச்ச மாவும் நனைஞ்ச நாயும் சேர்ந்த மாதிரி... தோட்டத்துல பொறந்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

எனக்குத் தொண்ணூறு தாண்டியாச்சு. போன்ல ஒத்தை விரலால தட்டுறேன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க லா.

வெள்ளைக்காரன் காலம். லாயாங் லாயாங்ங்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு எட்டு வயசு இருக்கும். தம்பி பொறந்து கொஞ்ச நாள்தான். அம்மா திரும்பவும் பால்மரம் வெட்ட, அதான் பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போகணும். அம்மா வேலைக்குப் போனா தம்பியை யாரு பாத்துக்கிறது? வேற யாரு, நான்தான். தோட்டத்து ஸ்கூல் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அப்போதான் புதுசா வந்த துரை, கைப்பிள்ளைங்களைப் பாத்துக்க ஒரு ஆயாக்கொட்டாய் கட்டினாரு. விடிகாலையில ஆளுங்களைப் பேர் கூப்பிடுற பெரட்டுல கங்காணி சத்தமா சொன்னாரு. கைப்பிள்ளைக்காரிங்களுக்குக் கொட்டாய் பக்கத்துலயே மரம் கொடுப்பாங்களாம். மணி அடிச்சா வந்து பால் கொடுத்துட்டுப் போலாமாம். சம்பளம் பிடிக்க மாட்டாங்களாம்.

வரிசை வீடுங்க இருந்த எங்க லயத்துல யாரும் நம்பல.

அம்மா மட்டும் வாய் விட்டுச் சொன்னாங்க. "துரைக்கு நம்ம மேல திடீர்னு என்னடி பாசம்? மரத்தை விட்டுட்டு நாம இந்தப் பக்கம் வந்தா, அந்தப் பக்கம் வேற ஆளை நிறுத்திருவானுங்க."

இது ஒரு சந்தேகம். அடுத்தது அந்த ஆயா.

பேரு செங்கமலம். வேற தோட்டத்துலருந்து வந்தவ. என்ன சனம், எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. அவ கொட்டாய்ல பத்துப் பன்னண்டு பிள்ளைங்க இருக்கும், ஒரு சத்தமும் வராது. "பிள்ளைங்க இருக்கிற இடமா அது? வாயில அபினியைத் தடவித் தூங்க வைக்கிறா"ன்னு லயத்துல பேச்சு.

இதுல அவ ஒவ்வொரு தாய்க்காரிகிட்டயும் ஒண்ணு கேட்டா பாருங்க... உடுத்தின சேலையில ஒரு துண்டு. அதுவும் துவைக்காம!

அலமாக்! அந்தக் காலத்துல ஒருத்தி உடுத்தின அழுக்குத் துணியைக் கேட்டா எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். செய்வினைக்குத்தான். சில பேரு பயந்துக்கிட்டே கொடுத்தாங்க. எங்கம்மா விவரமானவங்க. துணியை ரெண்டு தடவை சவுக்காரம் போட்டு அலசி, வெயில்ல காயவெச்சுக் கொடுத்தாங்க.

என்னையும் கூடவே அனுப்பினாங்க, உளவு பாக்க.

"அவ கை எங்க போகுதுன்னு பாரு. பிள்ளை வாயில எதையாச்சும் வெச்சா ஓடி வா. ஒண்ணும் இல்லைன்னா நீ ஸ்கூலுக்குப் போலாம்."

சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "ஸ்கூல் ஆசையில பொய் சொல்லுவியா?" உளவுக்கு அனுப்புற ஆளு மேலயும் சந்தேகம்!

நான் தூணோரமா உக்காந்து செங்கமலத்தோட கையையே பார்த்தேன். அவ யாருக்கும் எதுவும் கொடுக்கல. மத்த பிள்ளைங்க தூளியில தூங்குது, எங்க தம்பி மட்டும் கத்து கத்துன்னு கத்துறான். என் ஸ்கூல் அவன் அழுகையிலயே கரைஞ்சு போயிடும்னு இருந்துச்சு.

செங்கமலம் தம்பி தூளியில விரிச்சிருந்த அம்மா துணியை மோந்து பார்த்துட்டு என்னைப் பார்த்தா. "துவைச்ச துணியில உங்கம்மா இல்லடி. போய் அழுக்கை எடுத்துட்டு வா."

நிஜமாவே செய்வினையா இருந்தா? ஆனாலும் ஸ்கூல் ஆசை பெருசு. லயத்துக்கு ஓடி, மூலையில கிடந்த அம்மாவோட முந்தின நாள் வேலைச் சேலையைச் சுருட்டிட்டு வந்தேன். தூளிக்குள்ள வெச்சதும் தம்பி முகத்தை அதுல தேய்ச்சான்... விசும்பினான்... தூங்கிட்டான்.

அவ்வளவு நேரம் அவன் அழுகையைக் கேட்டுக்கிட்டே மரம் வெட்டின அம்மாவுக்கு, அந்தச் சத்தம் டக்குனு நின்னதும் உயிரே போயிருக்கு. மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே, கையில வெட்டுக் கத்தியோட ஓடி வந்துட்டாங்க. செங்கமலத்தைத் தள்ளிட்டுத் தம்பியை வாரி எடுத்து, அவன் வாயை மோந்து பார்த்தாங்க. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப.

பால் வாசனைதான். வேற ஒண்ணும் இல்ல.

அப்புறம்தான் கையில தட்டின சொந்தச் சேலையைப் பார்த்தாங்க. அப்படியே தரையில உக்காந்து அழுதாங்க. செங்கமலம் கத்தியை மட்டும் மெதுவா வாங்கி ஓரமா வெச்சா.

மணிக்கு முன்னால மரத்தை விட்டு வந்ததைக் கங்காணி பார்த்துட்டாரு. மறுநாள் பெரட்டுல பேரை அடிச்சிருவாங்கன்னுதான் அம்மா நினைச்சாங்க. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. பேரைக் கூப்பிட்டாங்க. அதே மரங்களைத்தான் கொடுத்தாங்க.

"இன்னைக்குக் கூப்பிட்டான்... நாளைக்கு?"ன்னாங்க அம்மா.

அந்த வாரமே நான் ஸ்கூலுக்குப் போனேன். ஆனா தம்பி கொட்டாய்க்குப் போன காலம் முழுக்க, தூக்கினதும் அவன் வாயை மோந்து பாக்கிறதை மட்டும் அம்மா விடல.

இப்போ அந்தத் தம்பியோட பேத்தி ஸ்கூடாய் டவுன்ல இருக்கா. பிள்ளை பெத்து லீவு முடிஞ்சு, போன வாரம்தான் திரும்ப வேலைக்குப் போனா. ஆபீஸ்ல பால் எடுத்து வைக்க ஏசி ரூம், பிரிட்ஜ், லேட்டா வரலாம், வீட்லருந்தும் வேலை பாக்கலாம்... அப்படி ஒரு கவனிப்பு. எங்கம்மாவுக்கு ஒரு மணியும் பக்கத்து மரமும்தான் கிடைச்சது.

இருந்தும் அவ என்கிட்ட குசுகுசுன்னு கேக்குறா. "எதுக்கு அத்தைப்பாட்டி இவ்ளோ நல்லா பேசுறாங்க? என் சீட்டுல வேற ஆளை வெச்சிருப்பாங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கொஞ்சம் வேதனையாவும் இருந்துச்சு. நர்சரிக்கு அனுப்ப, துவைக்காத நைட்டி ஒண்ணு எடுத்து வைன்னு மட்டும் சொன்னேன். "ஐயே, நாறும்!"ன்னா. ஆனா எடுத்து வெச்சா.

நேத்து சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட அவகூட நானும் கார்ல போனேன். நர்சரி கேமரால நாள் முழுக்கப் பார்த்துட்டே இருந்தவதான். இருந்தாலும் வாசல்ல பிள்ளையை வாங்கினதும், யாராச்சும் பாக்குறாங்களான்னு சுத்தி ஒரு பார்வை பார்த்தா.

அப்புறம் குனிஞ்சு, அதோட வாயை மோந்து பார்த்தா.

நான் அந்தக் கதையை அவகிட்ட சொன்னதே இல்ல.