தண்ணி ஊத்திக்கினே இருங்க

இது நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதறேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், எனக்கு அதுல சண்டை இல்ல. ஆனா ஒண்ணு. பேய், பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சாலே எரிஞ்சு விழற ஆளு நான். திண்டிவனத்துல எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க. கடல் உயிரினங்களைப் பத்தி படிச்சு, அதையே வேலையா வச்சிக்கினு, ஊர் ஊரா போய் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்றவ. எதைப் பாத்தாலும் முதல்ல டேப்பை எடுத்து நீளம் அளப்பேன். இதை மட்டும் எதால அளக்கறதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

என் பேரு அமலோற்பவமேரி. கடலோரத்துல 'ஆமை மேடம்'னு சொன்னா தான் தெரியும்.

2009-ம் வருஷம் பிப்ரவரி மாசம் ஒலக்கூர்ல ஒரு கூட்டம் போட்டேன். கடல் எங்க, ஒலக்கூர் எங்கன்னு கேப்பீங்க. அங்கேருந்து விடியக்காலைல வண்டி ஏறி மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போற ஜனங்க நிறைய பேரு இருக்காங்க. வேலை முடிஞ்சா மீன் வாங்கக் கடலாண்ட போவாங்க. கரைல ஏதாவது ஒதுங்கினா கண்ணுல படறதே அவங்களுக்குத் தான்.

உமி கட்டின சாக்கு மூட்டை ஒண்ணை நடுவுல போட்டு, தலைப் பக்கம் கரியால ஒரு வட்டம் போட்டேன்.

"இது தான் டால்பின். இந்த வட்டம் அதோட மூக்கு. டால்பின் மீன் இல்ல. நம்மள மாதிரி காத்தை இழுத்து மூச்சு விடற ஜீவன், மூக்கு உச்சந்தலைல இருக்கு. கரைல கெடந்தா தோலு வெந்துடும், ஒடம்பு சூடேறி செத்துடும். வாலைப் புடிச்சு இழுக்காதீங்க. ஈரச் சாக்கு போடுங்க, தண்ணி ஊத்துங்க, மூக்குல மட்டும் ஊத்திடாதீங்க. எனக்குப் போன் போடுங்க. நான் வர்ற வரைக்கும் தண்ணி ஊத்திக்கினே இருங்க."

எங்க போனாலும் இதைத் தான் சொல்லுவேன். யாராவது ஒருத்தர் வந்து செஞ்சு காட்டுங்கன்னேன். நெட்டையா ஒருத்தர் எழுந்து வந்தாரு. அப்பாதுரை. உப்புத் தண்ணில நின்னு நின்னு பாதமெல்லாம் வெடிச்சிருந்துச்சு. சொம்பை வாங்கினாரு. இடது கையை அந்த வட்டத்துக்கு முன்னால அணை மாதிரி வச்சாரு. கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தும்போது மூக்குல தண்ணி இறங்காம நெத்தில கை வைப்போமே, அப்படி. அப்புறம் ஊத்தினாரு.

"அப்படியே சாம்பிராணி போட்டுத் தூளியில போட்டுடு," அப்படின்னு பின்னாலேருந்து ஒரு பொம்பள சத்தம் குடுத்துச்சு. கூட்டமே சிரிச்சுது. அது அவரு சம்சாரம் அம்சா.

நான் வேற ஒருத்தர் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் திரும்பினா, மனுஷன் இன்னும் ஊத்திக்கினு இருக்காரு. மூட்டை ஊறி, தரையெல்லாம் சேறு.

"போதும்ணே," அப்படின்னேன். உடனே நிறுத்திட்டாரு.

"அவருக்கு யாராவது போதும்னு சொல்லணும் மேடம். இல்லன்னா கெணறு வத்தற வரைக்கும் ஊத்துவாரு," அப்படின்னு அம்சா சொல்லுச்சு.

மூணு மாசம் போச்சு. மே மாசம். விழுப்புரத்துல பசங்களுக்கு லீவு வகுப்பு. ஆமை முட்டையிடற படத்தைப் போட்டுக்கினு இருக்கும்போது போன் அடிச்சுது. மணி மூணு இருவது.

"மேடம், அப்பாதுரை. மூட்டைக்குத் தண்ணி ஊத்துனேனே."

"சொல்லுங்கண்ணே."

"மரக்காணம் கரைல நெஜமாவே ஒண்ணு ஒதுங்கியிருக்கு. சின்னது. மூச்சு விடுது. நம்மளையே பாக்குது மேடம்."

அவரு குரலுக்குப் பின்னால அலை சத்தம், காத்து சத்தம், யாரோ கூப்பிடற சத்தம். இதை ஞாபகம் வச்சிக்குங்க.

"நான் விழுப்புரத்துல இருக்கேன். ரெண்டு மணி நேரமாவது ஆகும். தண்ணி ஊத்திக்கினே இருங்க. இடி கிடி வந்தா ஓடிடணும், தெரியுதா?"

"இருட்டிக்கினு தான் வருது. நீங்க ஜல்தி வாங்க."

அதுவரைக்கும் எனக்கு வந்த போனெல்லாம் செத்ததுக்குத் தான். இல்லன்னா நான் போய்ச் சேர்றதுக்குள்ள செத்திருக்கும். அளந்து, குறிச்சு, குழி தோண்டி மூடறதே பொழப்பா இருந்துச்சு. உசுரோட ஒண்ணு, இப்ப தான் மொதோ தடவ. இதை விடக்கூடாதுன்னு வெறியே வந்துடுச்சு.

எங்க தெரு சவுரிராயன் அண்ணன் தான் என் போஸ்டர், புரொஜக்டரெல்லாம் அவரு ஆம்னி வேன்ல ஏத்திக்கினு கூட சுத்தறவரு. "இன்னா மேரி, யாரு வீட்டுக் கல்யாணம்?" அப்படின்னு கிண்டல் பண்ணிக்கினே வண்டிய எடுத்தாரு. நான் சீட்டு நுனில தான் உக்காந்திருந்தேன். முன்னால போற லாரியையெல்லாம் திட்டினேன். திண்டிவனம் தாண்டும்போதே வானம் கருத்துடுச்சு. மழை இல்ல. வெறும் மின்னல்.

பிரம்மதேசம் தாண்டி வண்டி நின்னுடுச்சு. காத்துல புளிய மரத்துக் கிளை ஒண்ணு முறிஞ்சு ரோட்டை அடைச்சிக்கினு கெடக்குது. ரெண்டு பக்கமும் வண்டிங்க. ஆளுங்க வெட்டிக்கினு இருந்தாங்க. சவுரி அண்ணனும் இறங்கிப் போனாரு.

எனக்கு இருப்பே கொள்ளல. ரோட்டோரமா நின்னு அப்பாதுரை அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி நாலு அம்பது. ஒரே ரிங்குல எடுத்துட்டாரு.

"அண்ணே, உசுரோட இருக்கா?"

"இருக்கு. ஊத்திக்கினு இருக்கேன்."

குரல் கிட்டத்துல கேட்டுச்சு. பக்கத்துல நின்னு பேசற மாதிரி. ஆனா பின்னால அலை சத்தம் இல்ல. காத்து இல்ல. தண்ணி ஊத்தற சத்தம் மட்டும்... சளக்... சளக்...

"அங்க இடி இடிக்குதா? இடிச்சா விட்டுட்டுப் போயிடுங்கண்ணே."

"அது இனிமே ஒண்ணும் பண்ணாது மேடம்."

மேகம் கலைஞ்சிடுச்சு போலன்னு நெனைச்சேன்.

அப்ப தான் கிளையை ஒதுக்கி ஒரு வண்டி போற அளவுக்கு வழி பண்ணாங்க. எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரு குட்டியானை லோடு வண்டிய முதல்ல விட்டாங்க. பின்னால அஞ்சாறு பேரு. நடுவுல போர்வை போத்தி யாரோ படுத்திருந்தாங்க, பாதம் ரெண்டும் வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. தலையை மடில வச்சிக்கினு ஒரு பொம்பள, முந்தானையால பாதி மூஞ்சிய மூடிக்கினு. வண்டி என்னை உரசற மாதிரி மெதுவா போச்சு. காதுல போனோட நின்ன என்னையே அந்தப் பொம்பள பாத்துச்சு.

ஐயோ பாவம்னு நெனைச்சேன். அடுத்த நொடியே வழி கெடைச்சுதேன்னு வேனுக்கு ஓடினேன்.

கரைக்குப் போய்ச் சேரும்போது மணி அஞ்சு நாப்பது. இருட்டல, ஆனா வெளிச்சமும் இல்ல. ஒரு சொட்டு மழை விழுந்திருக்கல. மணல் பொடி மாதிரி காஞ்சு கெடந்துச்சு. படகுங்க இருந்துச்சு, ஆளு ஒருத்தர் இல்ல.

தூரத்துல அப்பாதுரை அண்ணன் தெரிஞ்சாரு. எங்களுக்கு முதுகு காட்டிக் குந்திக்கினு இருந்தாரு.

"அண்ணே, வந்துட்டேன்."

திரும்பல. இடது கை அணை கட்டியிருந்துச்சு. வலது கைல மக்கு. ஊத்தறாரு... பக்கெட்டுலேருந்து மொள்றாரு... ஊத்தறாரு...

டால்பின் உசுரோட இருந்துச்சு. குட்டி. நாலரை அடி இருக்கும். மேல ஈரச் சாக்கு. "ப்ஹூ"ன்னு ஒரு மூச்சு விட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஏதோ கருகின வாடை. யாரோ மீன் சுடறாங்கன்னு நெனைச்சேன்.

தார்ப்பாயை விரிச்சு, குட்டியை அதுமேல நவுத்தினோம். நான் தலைப் பக்கம். சவுரி அண்ணன் வால் பக்கம்.

"நடுவுல புடிங்கண்ணே," அப்படின்னேன். அப்பாதுரை அண்ணன் எழுந்து வந்தாரு. தூக்கினோம்.

லேசா இருந்துச்சு. அவ்ளோ பெரிய ஜீவன். எப்படியும் அம்பது கிலோ இருக்கும். தலகாணி மாதிரி வந்துச்சு.

இடுப்பளவு தண்ணிக்குப் போய் இறக்கினோம். கொஞ்ச நேரம் தாங்கிப் புடிச்சேன். ஒரு மூச்சு விட்டுச்சு. இன்னொண்ணு. கையை எடுத்தேன்.

போயிடுச்சு.

தூரத்துல ஒரு தடவ மேல வந்துச்சு... "ப்ஹூ"... அவ்ளோ தான்.

"பாத்தீங்களாண்ணே," அப்படின்னு சிரிச்சிக்கினே திரும்பினேன்.

யாரும் இல்ல.

சவுரி அண்ணன் மட்டும் தண்ணில நின்னுக்கினு என்னையே பாத்தாரு.

கரைக்கு ஓடினேன். பக்கெட்டு இருந்துச்சு. மக்கு இருந்துச்சு.

பக்கெட்டுக்குள்ள கை விட்டேன்.

மணல். காஞ்ச மணல்.

போன் போட்டேன். போகல.

ரெண்டையும் எடுத்துக்கினு வேன்ல ஏறினேன். சவுரி அண்ணன் வண்டிய எடுத்தாரு. அந்தப் புளிய மரத்தாண்ட வந்தப்புறம் தான் கேட்டாரு.

"மேரி... நடுவுல யாரு புடிச்சது?"

"அப்பாதுரை அண்ணன் தான். ஏன்?"

"நான் பாக்கலம்மா. நீ தனியா பேசிக்கினு போன. டென்ஷன்ல பேசறன்னு விட்டுட்டேன்." கண்ணாடில தொங்கற ஜெபமாலையை ஒரு தடவ தொட்டுக்கினாரு. "தூக்கும்போது வெயிட்டே இல்ல. அதான் கேட்டேன்."

அன்னிக்கு நான் தூங்கல. மறுநாள் பக்கெட்டைக் குடுக்கணும்னு ஒலக்கூருக்குப் போனோம். தெரு முனையிலயே மோளச் சத்தம் கேட்டுச்சு. அவரு வீட்டு வாசல்ல பந்தல் போட்டிருந்தாங்க.

அம்சா சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. பக்கெட்டைப் பாத்துட்டுக் கையை நீட்டி வாங்கி மடில வச்சிக்கிச்சு.

"மூணே முக்காலுக்கெல்லாம் முடிஞ்சு போச்சு மேடம். நான் உப்பளத்துல இருந்தேன். வெறும் இடி, மழை கூட இல்ல. போட்டுக்காரங்க எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. வாயா வாயான்னு கூப்பிட்டாங்களாம். இது சின்னப் புள்ள மாதிரி பாக்குதுடா, எப்படி விட்டுட்டு வர்றதுன்னாராம்." பக்கெட்டு விளிம்பைத் தடவிச்சு. "சட்டைப் பாக்கெட்டுல போன் இருந்துச்சு. உருகி, நெஞ்சோட ஒட்டிக்கிச்சு."

அம்சா என் மூஞ்சியை நிமிர்ந்து பாத்துச்சு.

"நேத்து மரம் விழுந்த எடத்துல, போன் பேசிக்கினு நின்னது நீங்க தானே?"

அப்ப தான் அந்த முந்தானை ஞாபகம் வந்துச்சு. வெளிய நீட்டிக்கினு இருந்த பாதம். வெடிச்ச பாதம்.

"ஆமாக்கா."

"யாராண்ட பேசினீங்க?"

என் போனை எடுத்துக் காட்டினேன். நாலு அம்பது. அவரு பேரு. ஒரு நிமிஷம் பேசினதா இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷமும் அவரு என் பக்கத்துல... போர்வைக்குள்ள... அம்சா மடில.

அம்சா கத்தல. அழவும் இல்ல. அந்தப் பேரையே பாத்துக்கினு இருந்துச்சு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டாரு. உங்ககிட்ட இன்னா சொன்னாரு?"

"ஊத்திக்கினு இருக்கேன்னாரு."

"அது பொழச்சிதா?"

"பொழச்சிடுச்சுக்கா. கடலுக்குள்ள போயிடுச்சு."

தலையை ஆட்டிச்சு. என் கையைப் புடிச்சுது.

"மேடம்... அவரண்ட போதும்னு சொன்னீங்களா?"

நான் சொல்லல.

அதுக்கப்புறம் அந்தக் கடலோரத்துல மூணு தடவ டால்பின் ஒதுங்கிச்சு. கடைசியா 2014-ல, பொம்மையார்பாளையம் பக்கம். உச்சி வெயில். சுத்துப்பட்டுல ஆளு இல்ல. மணல்ல கால் வைக்க முடியல. மூணு தடவயும் நான் போகும்போது அதுங்க முதுகு ஈரமா இருந்துச்சு. அப்ப தான் ஊத்தின மாதிரி, தண்ணி வழிஞ்சிக்கினு.

மூக்கைச் சுத்தி மட்டும் காஞ்சிருந்துச்சு.

ஒரு உள்ளங்கை அளவு.

மூணு தடவயும் நான் அங்க நின்னு, "போதும்ணே... போதும்"னு சத்தமா சொன்னேன். கேட்டுச்சா, இல்லையான்னு தெரியல.

இப்பவும் கூட்டம் போடறேன். மூட்டையை நடுவுல போடறேன், கரியால வட்டம் போடறேன். எல்லாத்தையும் சொல்றேன்.

'ஊத்திக்கினே இருங்க'ன்னு மட்டும் சொல்றதில்ல.