தனம் அக்கா காலியாக விட்ட கட்டம்

சேதி வந்தபோது நான் நெமிலிச்சேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றிருந்தேன். வீட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்கப் போனவன், தேய்ந்துபோன பழைய வாஷரைக் கடைக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். அளவு சொன்னால் போதுமே, பழசு எதற்கு என்று அவர் சிரித்தார். அப்போதுதான் பழைய கம்பெனியின் பிரஸ் ஷாப் ஆரோக்கியம் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, தனம் அக்கா போய்ட்டாங்கண்ணே. தூக்கத்துலயே" என்றான்.

நான் கையிலிருந்த வாஷரைப் பார்த்தேன். வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. இன்னமும் பழசைக் கையில் வைத்துக்கொள்ளாமல் புதுசு கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அந்தப் புண்ணியவதி பழக்கிவிட்ட பழக்கம் அது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நம்மோடு வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் தனம் அக்கா என்கிற தனலட்சுமி, சாமான்கள் கொடுக்கும் ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பாளர்; நான் மெஷின்களைப் பழுதுபார்க்கும் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். என்னைவிட அவர் மூன்றே மாதம் மூத்தவர். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை தன்னை அக்கா என்று கூப்பிட வைத்துவிட்டார். அவருக்கு நான் எப்போதும் 'ஃபிட்டரே'தான். ஸ்டோர்ஸ் ஜன்னலில் யார் எதைக் கேட்டு நின்றாலும் ஒரே கேள்வி: "பழசு எங்க?" பழுதான சாமானைக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். கொடுத்ததோடும் முடியாது. அதில் ஓர் அட்டைச் சீட்டைக் கட்டுவார். அதில் மூன்று கட்டம்: யார் கொண்டுவந்தது, என்ன சாமான், போனதற்குக் காரணம் என்ன. காரணத்தை நாம் வாயால் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார்.

ஒருமுறை ஸ்க்ரூ திருகும் ஆலன் கீ ஒன்று உடைந்துபோக, அதை நான் ஸ்கிராப் குவியலில் வீசிவிட்டுப் போய்ப் புதுசு கேட்டேன். வெயிலில் அரை மணி நேரம் இரும்புத் தூளைக் கிளற விட்டார். விரல் நீளம்கூட இல்லாத துண்டுக்கா இந்தப் பாடு என்று நான் கத்தினேன். "உடைஞ்சதுக்கு நான் ஒன்னும் சொல்லல ஃபிட்டரே. எங்க கீதுன்னு தெரியணும்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அன்று வந்த கோபம் இன்றைக்கு நினைத்தாலும் பாதி வருகிறது.

கேன்டீனில் ஒரு மீன் தொட்டி இருந்தது. புது ஷெட் திறந்தபோது யாரோ பரிசாகக் கொடுத்தது, பதினோரு தங்கமீன்கள். அதையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். ஓயாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த பெரிய மீனுக்கு 'மேனேஜர்' என்று அவரே பெயர் வைத்தார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதம். கண்ணாடியில் பாசி பிடித்திருக்கிறது, தேய்த்துக் கொடு என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். காலையில் பாதித் தண்ணீரைப் பக்கெட்டுகளில் இறைத்து வைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அதற்குள் பிரஸ் மெஷின் ஒன்று நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. ஓடினேன். திரும்பி வந்தபோது கேன்டீனில் கருகல் வாடை. தண்ணீர் மட்டம் ஃபில்டர் மோட்டாருக்குக் கீழே கிடக்க, நான் ஸ்விட்சை அணைக்காமலே போயிருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் தீய்ந்துவிட்டது.

இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன். ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குப் பத்து நாள் முன்புதான் மெஷினைக் குளிர வைக்கும் கூலண்ட் பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்ட இரண்டாம் ஷிப்டு ஆட்களை, மானம் ரோஷம் உண்டா என்று கேட்டுக் கிழித்திருந்தேன். 'பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே' என்று ஒவ்வொரு மெஷினிலும் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்ததும் நான்தான். அந்த எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அவசர அவசரமாக இறைத்த தண்ணீரைத் திருப்பி ஊற்றினேன். லோ வோல்டேஜில் மோட்டார் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஃபிட்டர் சொன்னால் மறுப்பேது, நம்பினார்கள்.

அதே அளவு மோட்டார் கொளத்தூர் மீன் கடையில் மறுநாள் மத்தியானம்தான் கிடைக்கும் என்றார்கள். வெயிலோ கொளுத்துகிறது. ஒரு மணி நேரத்துக்குள் காற்று போதாமல் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. பதினோரு உயிர். இத்தனைக்கும் காரணம் யார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

காற்றுதானே வேண்டும், நம்மிடம் இல்லாத காற்றா என்று கம்ப்ரெஸர் லைனிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வந்தேன். தொட்டிக்குள் விடப் போன நேரத்தில் அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ஹோஸ் முனையில் பிடித்து, இப்போது திற என்றார். திறந்தேன். துணியில் மஞ்சளாக எண்ணெய் தெறித்தது.

"கம்பரசருக்கு எண்ணெ பிரிக்கிற ஃபில்டரு புதுசு வந்து மூணு மாசமாவுது. உனுக்குக் குடுத்தனா?"

"இல்லை."

"ஏன் குடுக்கல?"

"பழசு நான் தரலை."

"பழசு இன்னும் கம்பரசர்லயே கீது. அப்ப காத்துல எண்ணெ வராம இன்னா வரும், பன்னீரா?"

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், அன்றைக்கு இருந்த நிலையில் முடியவில்லை.

அதோடு விட்டேனா? மீன் தொட்டியின் ஃபில்டரைப் பிரித்து, கறுத்துப் போயிருந்த ஸ்பாஞ்சையாவது சுத்தமாகக் கழுவி வைப்போம் என்று சோப்புத் தூளோடு குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கினார். தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் மொண்டு, அதில் ஸ்பாஞ்சை முக்கி வைத்தார். "இந்த அழுக்குலதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கீது. மீனு கழிச்சத அதுங்கதான் துன்னுது. அத்தப் போய் சோப்பு போட்டுக் கொல்லப் பாக்குற. காயவும் உடக்கூடாது" என்றார்.

அடுத்து நடந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு புதுப் பக்கெட்டின் அடியில் முப்பது ஓட்டை போட்டேன். கோண இரும்பில் ஒரு ஸ்டாண்டு வெல்டு செய்து, பக்கெட்டைத் தொட்டிக்கு மேலே உட்கார வைத்தேன். பக்கெட்டுக்குள் அந்த அழுக்கு ஸ்பாஞ்ச். தொட்டியிலிருந்து மக்கில் மொண்டு பக்கெட்டில் ஊற்றினால், தண்ணீர் ஸ்பாஞ்சில் இறங்கி, முப்பது ஓட்டை வழியாக மழையாகத் தொட்டியில் விழும். ஃபில்டரும் ஆச்சு, காற்றும் ஆச்சு. அக்கா சுற்றிவந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே ஃபிட்டரே என்றார். ஆயுளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் ஊற்றுவது யார்? அதற்கும் அவரே சட்டம் போட்டார். பத்து மக்கு ஊற்றாதவருக்கு டீ கிடையாது. கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு காவல் நின்றார். இட்லித் துண்டு போடும் கைகளுக்காக 'இன்று மீன்களுக்கு விரதம்' என்று அக்கா அட்டை எழுதி மாட்டினார். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். பிரஸ் ஷாப்காரர்கள் பத்து ஊற்றினால் டூல் ரூம்காரர்கள் பதினைந்து ஊற்றினார்கள். உரக்க எண்ணிக்கொண்டே ஊற்றியதில் கேன்டீன் தரையெல்லாம் குளம். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே மக்கைக் கைமாற்றிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நாலு மணிக்கு நிஜ மேனேஜர் டீக்கு வந்தார். சட்டம் எல்லோருக்கும்தான் என்றார் மாஸ்டர். மேனேஜர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தார். அக்கா சும்மா இருக்கலாம் அல்லவா? "மேனேஜருக்கு மேனேஜரே தண்ணி ஊத்துறாரு" என்று சொல்லிவிட்டார். எந்த மேனேஜர் என்று அவர் திரும்பிக் கேட்டார். அந்தப் பெரிய மீனுக்கு ஆசையாக வைத்த பெயர் சார் என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். மேனேஜர் மீனைப் பார்த்தார். மீன் வாயைத் திறந்து மூடியது. அவர் வெடித்துச் சிரித்து இன்னும் பத்து மக்கு ஊற்றினார்.

சாயங்காலம் மீன்கள் கீழே இறங்கி நீந்தின. அடுத்தடுத்த ஷிப்டுகளும் சட்டத்தைக் காப்பாற்றின. மறுநாள் மத்தியானம் எண்ணிப் பார்த்தால் பதினொன்றும் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

புது மோட்டார் ஸ்டோர்ஸுக்கு வந்தது. ஜன்னலில் போய் நின்று, கேட்கும் முன்பே பழைய மோட்டாரை நீட்டினேன். அக்கா வாங்கி, முகர்ந்து பார்த்தார். உள்ளே இருக்கும் சின்ன விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார், சுற்றவில்லை. சீட்டில் என் பெயரையும் சாமான் பெயரையும் எழுதிவிட்டு, பேனாவோடு நிமிர்ந்து காரணம் கேட்டார்.

"லோ வோல்டேஜ்" என்றேன்.

அதை எழுதாமல் பேனாவை மூடினார்.

"யோசிச்சி சொல்லு ஃபிட்டரே. நான் எங்கயும் போவல."

புது மோட்டாரைக் கையில் கொடுத்துவிட்டார். எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதாவது ஜன்னலில் நிற்கும்போது, உன்னிடமிருந்து ஒன்று வரவேண்டியிருக்கிறது என்பார். நான் சிரித்து மழுப்புவேன். அவருடைய பிரிவு உபசார விழாவில் மைக்கிலேயே சொன்னார், எல்லோரும் பழசைக் கொடுத்துவிட்டார்கள், ஒருத்தரைத் தவிர என்று. ஏதோ ஸ்பானர் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவன்.

கேன்டீனை இடித்துக் கட்டியபோது தொட்டியை அக்கா மேனாம்பேட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். சேதி வந்த அன்று மத்தியானம் நாங்கள் எட்டுப் பேர் அந்த வீட்டுக்குப் போனோம். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அக்கா, மூலையில் மீன் தொட்டி. அழுதுகொண்டிருந்த ஆரோக்கியம் சட்டென்று என் கையைப் பிடித்துத் தொட்டியைக் காட்டினான். மீன்களெல்லாம் மேலே நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஐஸ் பெட்டிக்கு ப்ளக் வேண்டும் என்று காலையில் யாரோ ஃபில்டரைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள்.

ஆரோக்கியம் குளியலறையிலிருந்து புது மக்கு ஒன்றை எடுத்துவந்து, மொண்டு, உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தானதும் அடுத்தவரிடம் கொடுத்தான். சொந்தக்காரர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். நாங்கள் அழுதுகொண்டே எண்ணினோம், ஐந்தாவது ஆள் வந்தபோது ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவின் மகள் உஷாவும் சிரித்துவிட்டாள். பழைய மீன்களில் இன்னும் மூன்று இருக்கின்றன என்று அவள்தான் சொன்னாள். மேனேஜர் நிறம் வெளுத்து, அதே வாயோடு இருந்தார்.

நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடித் தொட்டி ஸ்டாண்டின் கீழே கைவிட்டேன். பாக்ஸோடு சேர்ந்து அந்தப் பழைய மோட்டாரும் வந்தது. சீட்டு அப்படியே கட்டியிருந்தது. யார்: ஃபிட்டர் முருகேசன். சாமான்: மீன் தொட்டி மோட்டார். காரணம் என்ற கட்டம் காலி. எத்தனையோ ஆயிரம் சீட்டு எழுதிய கை அது. பொய்யை எழுதவும் அதற்கு மனம் வரவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"அம்மா இத்தத் தூக்கிப் போடவே உடல மாமா. கேட்டா, ஆளு வருவான்னு சொல்லும்" என்றாள் உஷா.

ஃபில்டரை ஓடவிட்டு, அவளிடம் பேனா வாங்கினேன். அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலிக் கட்டத்தில் எழுதினேன்: 'தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டேன்.'

ஒன்பது வருடம் யோசித்தேன் அக்கா. நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள் என்று நம்பித்தான் இவ்வளவு தாமதம் செய்தேன்.

இரண்டாம் ஷிப்டில் என்னிடம் திட்டு வாங்கியவர்களே, அடுத்த முறை பார்க்கும்போது வட்டியோடு திருப்பித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மேனாம்பேட்டில் மீன்கள் சௌக்கியம். உஷாவிடம் கேட்டு அந்த மோட்டாரை நான் வாங்கி வந்துவிட்டேன். என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சீட்டில் மூன்று கட்டமும் நிரம்பி.