காளியப்பன் சார் வீட்டுச் சிவப்புப் பொட்டு

காளியப்பன் சார் போய்விட்டார். இன்று காலை, ரெட்டியார்சத்திரத்தில் அவர் வீட்டில்... தூக்கத்திலேயே.

அவர் மகன்தான் போன் செய்தான்.

அறுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரே ஹைஸ்கூலில் வேலை பார்த்தோம். அவர் சயின்ஸ், நான் டிராயிங். இரண்டு பேரும் அப்போது கல்யாணம் ஆகாதவர்கள்.

இன்று சுற்றுச்சூழல் அறிவியல், நீர்வள ஆய்வு என்று பாடமே இருக்கிறது. அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதற்குப் பெயர் "காளியப்பனின் தண்ணிக் கிறுக்கு". வேறு தண்ணி என்று நினைத்துவிடாதீர்கள், மனுஷன் காபியோடு சரி.

ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் ஒருநாள் சொன்னார். "புஸ்தகத்துல இருக்குற ஆறு ஏரியெல்லாம் கெடக்கட்டும்டா. நம்ம பக்கத்துக் கிணத்துல எது உப்பு, எது நல்ல தண்ணின்னு பாத்துட்டு வாங்க."

சனிக்கிழமை பையன்கள் வீடு வீடாகப் போய், "உங்க கிணத்துல நல்ல தண்ணியா?" என்று கேட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கம் அது பெண் வீட்டார் கேட்கிற கேள்வி. உப்புத் தண்ணி ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்... குடம் தூக்கியே மகள் ஓய்ந்துபோவாள் என்று பயம்.

ஆக, கல்யாண வயதில் மகன் இருந்த வீட்டிலெல்லாம் தண்ணீர் கற்கண்டு! ஒரு அம்மா பையன்களை உட்காரவைத்து முறுக்குக் கொடுத்து, "பொண்ணு எந்த ஊரு அப்பு? எம்புட்டுப் படிச்சிருக்கு?" என்று கேட்டேவிட்டார்.

சார் விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே யாருகிட்டயும் கேக்காதீங்கடா. பாட்டில்ல தண்ணிய மட்டும் கொண்டாங்க" என்றார்.

லேபில் ஒவ்வொரு தண்ணீரிலும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். எது அதிக வெள்ளை என்று பையன்கள் சண்டை போட்டதைப் பார்க்க வேண்டுமே... பாடம் என்றால் கொட்டாவி விடுகிற பயல்கள்.

ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு அதை மேப்பாக வரைவது என் வேலை. நல்ல தண்ணீருக்கு நீலப் பொட்டு, உப்புக்குச் சிவப்பு.

அந்தச் சமயம்தான் சாருக்குச் சேவுகம்பட்டிப் பக்கம் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெயர் தனலட்சுமி. ஸ்கூலுக்குச் சேர்ந்து போகிற பஸ்ஸில் ஏறினால் அந்தப் பெண் பேச்சுத்தான், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், சார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சோதனையில் நன்றாக வெளுத்துவிட்டது. அவர் அப்பாவோ பெண் வீட்டில் "நல்ல தண்ணி" என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

"சார், உங்க வீட்ட மட்டும் விட்டுருவோம். யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"பயலுக பாத்துட்டானுங்களே மாஸ்டர்... இத மறைச்சா நாளைக்கு நான் எதச் சொன்னாலும் நம்புவானுங்களா? பொட்ட வைங்க."

வைத்தேன். எனக்குக் கோபம்தான்.

எக்ஸிபிஷன் அன்று மாமனாராகப் போகிறவரே வந்து நின்றார். மாப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆசையாம். மேப்பில் விரலை வைத்து, "இந்தச் செவப்பு யாரு வீடு மாப்ள?" என்றார்.

"நம்ம வீடுதான் மாமா. உப்புத் தண்ணி."

மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொடுத்த காபியைத் தொடக்கூட இல்லை.

கல்யாணம் நின்றுபோச்சு என்று ஊரே பேசியது. சாரின் அப்பா மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சார் வந்தார், பாடம் நடத்தினார், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடிவைத்தார்... பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், லேப் வாசலில் அதே மாமனார். கையில் கார்க் வைத்து மூடிய ஒரு பாட்டில்.

"வீட்ல தனலட்சுமிப் பிள்ள கேக்குது மாப்ள... 'அவுக கிணறு உப்புன்னு அவுகளே சொல்லிட்டாக. நம்ம கிணத்த யாருப்பா பாத்தா?'ன்னு. செத்த இதையும் பாருங்க."

பையன்களே சொட்டு விட்டார்கள். சார் வீட்டுத் தண்ணீரைவிட வெள்ளை!

மாமனார் அந்தச் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்புட்டு உப்பா? நாக்குப் பழகிப்போச்சு போல..." என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். பையன்கள் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்கள்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

இப்போதுதான் போனில் தனலட்சுமியிடம் பேசினேன். முதலில் அழுகைதான். பிறகு சொன்னார், "இந்தத் தண்ணியில காபி வாயில வைக்க முடியாதுண்ணே. இத்தன வருஷமும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னே குடிச்சாக... அது ஒண்ணுலதான் பொய் சொல்லுவாக."

சாயங்காலம் எடுக்கிறார்கள். கிளம்பிவிட்டேன் சார்.