ஹம்தாவின் ஓம்லெட் சோறு

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஷிஹானா, சீஷெல்ஸ் தீவு ஹோட்டல் ஒன்றின் குசினி வேலைக்காக அக்குறணையிலிருந்து புறப்பட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளுடைய சிநேகிதி ஹம்தாவுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. அங்கே இன்னொரு ஆளும் தேவையாம். வெளிநாட்டுச் சாப்பாடு ஒன்றைச் சமைத்து, வெட்டு ஒட்டு இல்லாமல் வீடியோ அனுப்ப வேண்டுமாம்.

ஹம்தாவுக்குத் தெரிந்த வெளிநாட்டுச் சாப்பாடெல்லாம் போனில் விளையாடும் சமையல் கேமில் இருந்தவைதான். ஜப்பான் ஓம்லெட் சோற்றைத் தெரிந்தெடுத்தாள். கேமில் விரலால் ஓர் இழுப்பு இழுத்தால் முட்டை சோற்றின்மேல் அழகாகப் புரண்டு மூன்று நட்சத்திரம் விழும். வீட்டுத் தாச்சியில் அது கிழிந்தது. மறுநாளும் கிழிந்தது. கேம் கேட்ட அரிசி வைன் ஹராம் என்பதால், வினாகிரியில் சீனி கரைத்து ஊற்றினாள்.

"நோம்போட ஏன் மகள் இந்தப் பாடு? நோம்பு திறக்க ஆளுக்கொரு கிழிஞ்ச முட்டையா?" என்றார் உம்மா.

"கஞ்சியோட சாப்பிடுங்க உம்மா. வெளிச்சம் போக முந்தி இன்னொருக்கா பாக்கிறேன்."

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முட்டை கிழியாமல் புரண்டது. உடனே வீடியோவை அனுப்பினாள். பதில் இல்லை. நோன்புப் பெருநாள் போனது, ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. ஹம்தா போனைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாகவே இருந்தாள்.

ஓகஸ்டில் ஷிஹானாவின் செய்தி வந்தது: "செஃப் உன்ட வீடியோவ அப்பவே ஒதுக்கிட்டாராம். ருசி பார்க்காம இறக்கிற ஆள் வேணாமாம். இண்டைக்குத்தான் எனக்கே தெரியும். நீ அண்டைக்கு நோம்பு என்டு சொன்னேன். தலையில கைய வச்சிட்டார். நாளைக்கு வீடியோ கோல்ல சமைச்சுக் காட்டட்டாம். ருசி பாருடி!"