கணவரை லாக்கப்பில் வைத்த ஏட்டய்யா

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில் நானும் கணவரும் கொடைக்கானல் போயிருந்தோம். மூன்று நாளாக விடாத புயல்மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மறுநாள் இவருக்கு லீவு முடிகிறது. "சரிவைத் தாண்டி நடந்தா கீழே வத்தலக்குண்டு பஸ் கிடைக்கும்" என்று, போலீஸ் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி என்னையும் இழுத்தார். அங்கே காவலுக்கு நின்ற ஏட்டய்யா இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் லாக்கப்பில் பூட்டிவிட்டார். உள்ளே இவரைப் போலவே இன்னும் நாலு டூரிஸ்ட்டுகள்.

"இவரு என்ன திருடனா? விட்டுடுங்கய்யா" என்று அழுதேன்.

"விட்டா மறுபடி அங்கதாம்மா போவாரு. ரோடு சரியாகட்டும், நானே பஸ் ஏத்திவிடுறேன்" என்று எனக்கொரு போர்வை தந்தார் ஏட்டய்யா. நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சாயங்காலம், எங்களுக்குச் சற்று முன்னால் கயிற்றைத் தாண்டிப் போன ஒருவரை ஸ்டேஷனுக்குத் தூக்கிவந்தார்கள். பாறை விழுந்து இரண்டு காலும் நசுங்கியிருந்தது. இவர் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார். பிறகு, "ரோடு சரியாகுற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேங்கய்யா" என்றார்.

அதன்பிறகு இவர் ரிட்டயர் ஆகும்வரை மழைக்காலப் பயணத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். இப்போதும் வழியில் யாராவது நிற்கச் சொன்னால், காரணம் கேட்காமல் பையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுகிறேன்.