திங்கட்கிழமை மட்டும் வேலை செய்யும் கம்பியூட்டர்கள்

போன மாதம் ஒரு வாரம் இந்தப் பத்தி வரவில்லை. ‘என்ன ஐயா, சுகமில்லையோ?’ என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். கடவுள் புண்ணியத்தில் எனக்கு ஒன்றுமில்லை. படுத்துவிட்டவை எங்கள் நூலகத்துக் கம்பியூட்டர்கள்!

சண்டை மறுபடி தொடங்கிய பிறகு திருகோணமலையிலிருந்து போடும் தபால் கொழும்புக்கு எப்போது போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நூலகத்துக்குப் போய் ஈமெயிலில்தான் பத்தியை அனுப்புகிறேன். அன்று வியாழக்கிழமை. துறைமுகப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால்... ஆறு கம்பியூட்டரில் ஐந்தில் ‘பழுது’ என்று தாள் ஒட்டியிருக்கிறது. ஆறாவதற்கு முன்னால் பதினொரு பேர்!

“பத்மா மிஸ், இதென்ன கூத்து?” என்று நூலகரிடம் பாய்ந்தேன்.

“திங்கக்கிழமை வாங்கோ அண்ணை. றிஸானா வருவா.”

என் முறை வருமுன் நூலகம் மூடும் நேரம் வந்துவிட்டது. பத்தியும் போச்சு.

றிஸானா கம்பியூட்டர் திருத்துகிறவர். கிண்ணியாவிலிருந்து படகில் வருகிறவர். நாலு நூலகத்துக்கு அவர் ஒருவர்தான். திங்கட்கிழமை எங்களுக்கு, மற்ற நாட்கள் கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று ஓட்டம். செவ்வாய்க்கிழமை ஒன்று படுத்தால் அடுத்த திங்கள் வரை அது படுத்தபடிதான். அந்தத் திங்களும் படகு ஓடாவிட்டால்? இரண்டு கிழமை, கிட்டத்தட்டப் பதினாலு நாள்!

இன்னொரு ஆள் வேண்டும் என்று பத்மா மிஸ் எழுதிக் கேட்டிருந்தார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். எப்போது வந்தார் தெரியுமா? ஒரு திங்கட்கிழமை பின்னேரம்! காலையில் வந்த றிஸானா, சாப்பிடக்கூட எழும்பாமல் இருந்து ஆறையும் ஓட வைத்திருந்தார். அதிகாரி சுற்றிப் பார்த்தார், பாராட்டினார், போனார். பத்து நாளில் பதில் வந்தது — எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. புது ஆள் தேவையில்லை. இனி றிஸானாவும் மாதத்துக்கு இரண்டு முறை வந்தாலே போதும்.

நன்றாக வேலை செய்தால் கிடைக்கும் பரிசைப் பார்த்தீர்களா?

எனக்கு வந்த கோபத்தில் றிஸானாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். “தங்கச்சி, அடுத்த முறை அந்த மனிசன் வரேக்கை நாலைத் திருத்தாமல் விடுங்கோ. அப்பதான் புத்தி வரும்.”

அவர் ஸ்குரூட்ரைவரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சேர், சல்லிக் கிராமத்தில இருந்து ஒரு அக்கா கிழமைக்கு ஒருக்கா சைக்கிளில வாறா. புருசன் கட்டார் நாட்டில வேலை. அவட ஊரில போன் லைனும் இல்ல. அவர்ட கடிதம் இந்தப் பெட்டிக்குள்ளதான் வரும். திருத்தத் தெரிஞ்சுகொண்டு எப்படி விட்டுட்டுப் போறது? என்னால ஏலாது.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேனா பிடிக்கிறவனுக்கு வந்த புத்தியைப் பாருங்கள்!

பத்மா மிஸ் எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “ஒண்டையும் பழுதாய் விட வேண்டாம் அண்ணை. அந்த அதிகாரியை ஒரு வியாழக்கிழமை வரப் பண்ணுவம். அது போதும்.”

அவர் மூன்று கடிதம் போட்டார். நாலாவதை நான் எழுதினேன், இந்தப் பத்தியின் பெயரையும் போட்டு. ஒன்றுக்கும் பதில் இல்லை. போன் எடுத்தோம். ‘ஜீப் திங்கட்கிழமைதான் கிடைக்கும்’ என்றார் அதிகாரி. “அப்ப பஸ்ஸில வாங்கோ சேர்” என்றார் பத்மா மிஸ்! சத்தம் போட்டுக் கதைக்காத மனிசி... இவ்வளவு துணிவு இருக்குமென்று நான் நினைக்கவேயில்லை. இதற்கிடையில் கோடு போட்ட ஒரு கொப்பியும் வாங்கி வைத்தார். வேலை முடியாமல் திரும்புகிறவர்கள் பெயர், ஊர், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவு தூரம் இறக்கக்கண்டியிலிருந்து வந்து ஏமாந்தவர்கூட எழுதிவிட்டுத்தான் போனார்.

போன வியாழக்கிழமை அதிகாரி வந்தேவிட்டார். பஸ்ஸில்தான்!

ஐந்தில் ‘பழுது’. ஆறாவதில் சல்லி அக்கா இருந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் கணவரின் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்குத் தலைமையகத்துக்கு அவசரமாக ஒரு ஈமெயில் அனுப்ப வேண்டுமாம்.

“அவவை ஒருக்கா எழும்பச் சொல்லுங்கோ மிஸ்.”

“ஏலாது சேர். மூண்டு கிழமையாய் வந்து வந்து திரும்பிப் போனவ. வாசிச்சு, பதிலும் எழுதட்டும்.”

அதிகாரியின் முகம் சிவந்தது. இனி இருக்கிற றிஸானாவையும் பறித்துவிடுவார்களோ? அதிகாரி ஒவ்வொரு மெஷினாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று சத்தம் மட்டும் போட்டது. மற்றவை அதுவுமில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். பஸ் போகிற நேரம்.

“இதுகளைத் திருத்திற ஆள் எப்ப வருவார்?”

“அதைத்தானே சேர் நாங்கள் உங்களிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறம்!”

சொல்லிவிட்டு பத்மா மிஸ் கொப்பியை நீட்டினார். அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பெயர், ஊர் எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘திருத்த ஆள் இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் பதவியும் போட்டார்.

வியாழக்கிழமைத் திகதியைப் போட மறந்துவிட்டார். விடுவேனா? அதையும் போட வைத்துத்தான் பஸ் ஏற்றினேன்!